பம்பை அழுத்தினால் போதுமா?

சென்ற நவராத்திரியின்போது நம் சங்கக் கூடத்தில் நடந்தது இது. குழந்தைகளின் கோலாட்டம் முடிந்து சுண்டல் விநியோகம் ஆகிக்கொண்டிருந்தது. கோலாட்டம் ஆடிவிட்டு வந்த எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, சுவரோரம் உட்கார்ந்து தோள்களைத் தூக்கித் தூக்கி மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். சாம்பிராணிப் புகையா, ஓடியாடிய களைப்பா, தெரியவில்லை. அவளுடைய அம்மா பதறவில்லை, பழக்கப்பட்டவர். கைப்பையிலிருந்து நீல நிற இன்ஹேலரை எடுத்து மூடியைக் கழற்றினார். "ஆ காட்டு" என்றார். கரப்பான் பூச்சிக்கு மருந்து அடிப்பதுபோல் புஸ் புஸ்ஸென்று இரண்டு முறை அடித்தார். வெண்புகை சிறுமியின் வாயிலிருந்து அப்படியே வெளியே வந்துவிட்டது. மருந்து எங்கள் கூடத்துக்குக் கிடைத்தது, குழந்தைக்குக் கிடைக்கவில்லை.

நான் டாக்டர் இல்லை. டிப்ளமோ படித்துவிட்டு ரயில்வேயில் கேரேஜ் அண்ட் வேகன் பிரிவில் சேர்ந்து, பிரேக்கும் போகியுமாகக் காலம் கழித்து ஓய்வு பெற்றவன். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் வீட்டில் பட்டுத் தெரிந்துகொண்டவன். அதனால் கூச்சத்தை விட்டு, "ஸ்பேசர் இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"வீட்டுல இருக்கு அங்கிள். பெரிசா இருக்கேன்னு எடுத்துட்டு வரலை" என்றார்.

இருப்பதை வைத்துக்கொண்டு மறுபடி முயன்றோம். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கினோம். குழந்தையை நிமிர்ந்து உட்காரச் சொன்னோம். மூச்சை வெளியே விட்டு, குழலை உதடுகளால் இறுகக் கவ்விக்கொண்டு, மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கிய அந்தக் கணத்தில் அம்மா அழுத்தினார். பிறகு பத்து எண்ணும் வரை மூச்சை அடக்கச் சொன்னோம். அரை நிமிடம் கழித்து இன்னொரு முறை. சற்று நேரத்தில் அந்தப் பெண் சுண்டல் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். அன்றே இதைப் பற்றி எழுதவேண்டும் என்று தோன்றியது.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். என் பேரனுக்கு 2021இல் நான்கு வயது. பனிக்காலம் வந்தால் இருமல், இருமலைத் தொடர்ந்து வீசிங். டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். "இந்த வயசிலேயே பம்பா? பழகிப்போனா விடவே முடியாது. கஷாயம் வெச்சுக் கொடுங்க, வளர வளரச் சரியாயிடும்" என்று நான் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். வீட்டில் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. சில மாதம் கழித்து, பூஜை அலமாரியில் கற்பூரம் தேடியபோது விபூதி டப்பாவுக்குப் பின்னால் இன்ஹேலர் இருந்தது. நான் காலையில் நடக்கப் போகும் நேரம் பார்த்து மருமகள் குழந்தைக்குக் கொடுத்துவந்திருக்கிறாள். "ஏம்மா மறைக்கணும்?" என்றேன். "நீங்க திட்டுவீங்களே மாமா" என்றாள். குழந்தை மூச்சு விடுவதற்கு வேண்டிய மருந்தை வீட்டுப் பெரியவருக்குப் பயந்து ஒளித்து வைத்துக் கொடுக்கவேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது. நம் குடும்பங்கள் பலவற்றில் என்னைப்போல் ஒரு தாத்தாவோ பாட்டியோ இருப்பார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அடுத்த முறை டாக்டரிடம் நானும் போனேன். அவர் எனக்குப் புரிகிற பாஷையில், அதாவது கணக்கில், சொன்னார். இரைப்பைத் தணிக்கும் சால்பூட்டமால் மாத்திரை ஒன்றில் 2 மில்லிகிராம் மருந்து. அதே மருந்து இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் 100 மைக்ரோகிராம். இரண்டு முறை அழுத்தினாலும் 0.2 மில்லிகிராம்தான், மாத்திரையில் பத்தில் ஒரு பங்கு. மாத்திரையும் சிரப்பும் வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றி, கடைசியில் கொஞ்சம் நுரையீரலுக்கு வரும். அதற்குள் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். ஒரு சக்கரத்துக்கு எண்ணெய் விடுவதற்காகப் பெட்டி முழுவதையும் எண்ணெய்த் தொட்டியில் முக்கி எடுப்பதற்குச் சமம். இன்ஹேலர் மருந்து மூச்சுக்குழாய்க்கே நேராகப் போகிறது. அது போதைப் பழக்கம் போன்றதும் இல்லை. கண்ணாடி போட்டவர் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியவில்லை என்றால் அதை அடிமைத்தனம் என்போமா?

இந்தக் கருவியே ஒரு குழந்தை கேட்ட கேள்வியில் பிறந்தது என்பது பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அமெரிக்காவில் ரைக்கர் என்ற மருந்துக் கம்பெனித் தலைவரின் பதின்மூன்று வயது மகளுக்கு ஆஸ்துமா. கையால் அமுக்கும் கண்ணாடிக் குமிழில் மருந்தை அடித்துக்கொண்டிருந்தவள், தலைமுடிக்கு அடிக்கும் ஸ்ப்ரே டப்பாபோல் என் மருந்தும் ஏன் வரக்கூடாது என்று 1955இல் கேட்டாள். அடுத்த ஆண்டே, 1956இல், அளந்து கொடுக்கும் இன்ஹேலர் கடைக்கு வந்துவிட்டது.

மருந்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, இரைப்பு வந்தபின் மூச்சுக்குழாயை விரித்துவிடும் நிவாரண மருந்து. நம் ஊரில் பெரும்பாலும் நீலநிற இன்ஹேலர். மற்றொன்று, மூச்சுக்குழாயின் உட்சுவரில் இருக்கும் வீக்கத்தை ஆற்றி, இரைப்பே வராமல் பார்த்துக்கொள்ளும் தடுப்பு மருந்து. இதில் இருப்பது மிகக் குறைந்த அளவு ஸ்டீராய்டு. குழந்தை நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும் நாளிலும் இதைப் போடவேண்டும். டாக்டர் நிறுத்தச் சொல்லும் வரை நிறுத்தக்கூடாது. வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது என்று நாங்கள் ஓவர்ஹாலை ஒத்திப்போட்டதுண்டா? நீலத்தை மட்டும் நம்பிக் காலம் தள்ளுவது ஆபத்து என்பதால், பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அது மட்டும் போதாது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டியே 2019இல் மாற்றி எழுதப்பட்டது. ஸ்டீராய்டு என்றதும் வளர்ச்சி நின்றுவிடுமோ என்று கேட்பார்கள். நெடுநாள் போட்ட குழந்தைகளைப் பெரியவர்களாகும் வரை தொடர்ந்து கவனித்துப் பார்த்த ஓர் ஆராய்ச்சியில், உயரத்தில் ஏற்பட்ட வித்தியாசம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். இரவெல்லாம் இருமி, தூக்கமும் பள்ளியும் கெட்டு நிற்கும் குழந்தைக்கு ஆகும் நஷ்டம் அதைவிடப் பெரிது.

இவ்வளவும் புரிந்து, வீட்டில் எல்லோரும் ஒரு மனதாக மருந்து கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் பெரிய அடி விழுந்தது. 2023 டிசம்பரில் ஒருநாள் இரவு இரண்டு மணிக்குப் பையனுக்கு மூச்சு முட்டியது. விலா எலும்புகளுக்கு இடையில் சதை உள்ளே குழிந்து குழிந்து போயிற்று. "தண்ணி" என்று சொல்லி நிறுத்தினான், "வேணும்" என்று சொல்ல இன்னொரு மூச்சு தேவைப்பட்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் ஆக்சிஜனும் நெபுலைசருமாக இருந்தான். ஒரு வருஷமாக ஒருநாள் விடாமல் தடுப்பு மருந்து போட்டோமே, பிறகு ஏன் என்று எங்களுக்குப் புரியவில்லை. டோஸைக் கூட்டிவிடுவார்கள் என்று நினைத்தேன். டாக்டரம்மா கூட்டவில்லை. பையன் தேறியதும் இன்ஹேலரை அவன் கையில் கொடுத்து, "ஏதி, ஒக்கசாரி சூபிஞ்சு" என்றார், ஒருதரம் செய்து காட்டு பார்க்கலாம் என்று.

செய்து காட்டினான். குலுக்கவில்லை. முதலில் அழுத்தினான். பிறகு வாயை மூடிக்கொண்டு மூக்கால் இழுத்தான். ஸ்பேசரை, பெரிய பையன் ஆகிவிட்டேன் என்று சொல்லி எப்போதோ பரண்மேல் போட்டாயிற்று. ஒரு வருஷத்து மருந்து அவன் நாக்கிலும் தொண்டையிலும் படிந்து வயிற்றுக்குப் போயிருக்கிறது.

எனக்கு வெட்கமாகிவிட்டது. ரயில் புறப்படும்முன் எஞ்சினில் இருக்கும் கேஜ் 5 கிலோ அழுத்தம் காட்டினால் மட்டும் வண்டியை விடமாட்டோம். கடைசிப் பெட்டியில் கார்டின் கேஜ் 4.8க்குக் குறையாமல் காட்டவேண்டும். டிரைவர் பிரேக் பிடித்தால் கார்டின் முள் இறங்கவேண்டும். இப்போது கார்டுக்கு ட்ரெயின் மேனேஜர் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள், சோதனை மாறவில்லை. நடுவில் ஒரு ஹோஸ் கப்ளிங்கில் வாஷர் தேய்ந்து காற்று கசிந்தாலும் பின்னால் தெரிந்துவிடும். வேலைக் காலம் முழுவதும் அதைப் பார்த்தவன், வீட்டில் சமையலறையிலிருந்து "போட்டுக்கிட்டியா?" என்று கேட்டு "போட்டாச்சு" என்ற பதிலோடு திருப்திப்பட்டிருக்கிறேன். கடைசிப் பெட்டியை யாருமே பார்க்கவில்லை.

தவறு குழந்தையுடையது என்றும் சொல்வதற்கில்லை. அந்தச் சின்ன டப்பாவிலிருந்து மருந்து மிக வேகமாகப் பாய்கிறது. கொஞ்சம் முந்தி அழுத்தினாலும் பிந்தி அழுத்தினாலும் அது தொண்டையின் பின்சுவரில் மோதி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று முதல் ஐந்து பங்கு வரை உள்ள துளிகள்தான் வளைந்து வளைந்து மூச்சுக்குழாயின் கிளைகளுக்குள் போகக்கூடியவை. அதைவிடப் பெரியவை வளைவில் திரும்பமுடியாமல் வழியிலேயே தங்கிவிடும். கையும் மூச்சும் ஒரே கணத்தில் ஒத்துழைப்பது பெரியவர்களுக்கே கஷ்டம். ஸ்பேசர் என்ற அந்த பிளாஸ்டிக் குடுவை இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. மருந்துப் புகை அதற்குள் வேகம் தணிந்து நிற்கும். பெரிய துளிகள் குடுவைச் சுவரில் படிந்துவிடும். குழந்தை நிதானமாக இழுத்துக்கொள்ளலாம். குழந்தைகள் டப்பா இன்ஹேலர் எடுக்கும்போது வயது எதுவானாலும் ஸ்பேசர் வேண்டும் என்றார் டாக்டரம்மா. அதைப் போட்டால் சின்னப் பிள்ளை என்று கேலி செய்வார்கள் என்று பையன்கள் நினைக்கிறார்கள். அதை நாம்தான் பேசித் தீர்க்கவேண்டும்.

ஏறக்குறைய நான்கு வயது வரை முகமூடி வைத்த ஸ்பேசர். மாஸ்க் மூக்கையும் வாயையும் சேர்த்து முகத்தில் பதியவேண்டும். கன்னத்தோரம் சின்ன இடைவெளி இருந்தாலும் மருந்து போய்விடும், கப்ளிங் கசிவு மாதிரிதான். அழுகிற குழந்தையைப் பிடித்து அமுக்கி அடிப்பதில் பயனில்லை, அழும்போது உள்ளே போவது மிகக் கொஞ்சம். மடியில் உட்காரவைத்து, முதலில் பொம்மைக்குப் போட்டு, அப்புறம் அப்பாவுக்குப் போடுவதுபோல் பாவனை செய்து, மாஸ்க்கை வெறுமனே முகத்தில் வைத்து விளையாடிப் பழக்கிவிட்டால் ஒரு வாரத்தில் தானே முகத்தை நீட்டும். வாயால் கவ்வத் தெரிந்ததும் மாஸ்க்கை எடுத்துவிடலாம். மூக்கில் தங்குகிற மருந்து மிச்சம்.

எங்கள் வீட்டில் நடக்கும் முறையைச் சொல்கிறேன். புது இன்ஹேலரானாலும், பல நாள் கிடந்ததானாலும், முதலில் சில முறை காற்றில் அழுத்திப் பார்ப்போம். பிறகு குலுக்கி, ஸ்பேசரில் செருகி, பையன் மூச்சை வெளியே விட்டு உதடுகளை இறுக்கியதும் ஒரே ஒருமுறை அழுத்தல். இரண்டு டோஸையும் ஒன்றாக அழுத்தி நேரத்தை மிச்சம் பிடிக்கக்கூடாது. உள்ளே துளிகள் ஒன்றோடொன்று மோதிப் பெரிதாகிவிடும். அழுத்தியபின் ஆறு மூச்சு, சாதாரணமாக, உள்ளும் வெளியுமாக. வால்வு டிக் டிக்கென்று அடிப்பது காதில் கேட்கும். அந்த ஓசைதான் எனக்குக் கார்டின் கேஜ். ஆறு எண்ணுவதற்கு என் மனைவி கண்டுபிடித்த வழி, ச-ர-வ-ண-ப-வ. மூச்சுக்கு ஒரு எழுத்தாகப் பாட்டி சொல்ல, பேரன் இழுப்பான். பத்மாராவ் நகரில் ஸ்கந்தகிரி முருகன் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இது தோன்றியதில் ஆச்சரியமில்லை. நண்பர் ஒருவர் வீட்டில் பேத்தி ஆறு அண்ணன் தம்பிகளின் பெயரைச் சொல்லி எண்ணுகிறாளாம், எதுவானாலும் சரி. அரை நிமிடம் கழித்து, மறுபடி குலுக்கி, இரண்டாவது. தடுப்பு மருந்து போட்டபின் வாய் கொப்பளித்துத் துப்பவேண்டும். மாஸ்க் என்றால் முகத்தையும் கழுவவேண்டும். இல்லாவிட்டால் வாய்க்குள் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும்.

ஸ்பேசரைக் கழுவுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. என் மனைவி பளபளவென்று துணியால் துடைத்து வைப்பாள். சீப்பால் தலை வாரிக் காகிதத் துண்டுகளை ஈர்த்துப் பள்ளியில் விளையாடியிருப்போமே, அதே மின்சாரம்தான் துடைத்த பிளாஸ்டிக்கிலும் ஏறுகிறது. மருந்துத் துளிகள் எல்லாம் சுவருக்கு ஓடி ஒட்டிக்கொள்ளும். வாங்கியதும் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு முக்கி எடுத்து, தேய்க்காமல், துடைக்காமல், தானாக உலரவிடவேண்டும்.

ஸ்பேசர் வாங்க வசதியில்லாத வீடுகளும் உண்டு, வெளியூரில் மறந்துவிட்டு நிற்பதும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் டாக்டர்கள் 1999இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சாதாரண அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய் இறுகப் பொருந்தும்படி துளையிட்டுப் பசையால் அடைத்து, பாட்டில் வாயைக் குழந்தை வாயில் கொடுத்தார்கள். இரைப்போடு வந்த குழந்தைகளுக்கு அது கடை ஸ்பேசருக்கு இணையாக வேலை செய்தது. தெர்மகோல் கப் அவ்வளவாகப் பயன்படவில்லை. நான் ஒன்று செய்து பார்த்தேன். கம்பியை இன்ஹேலர் வாயின் அளவுக்கு வளைத்துக் காய்ச்சி வைத்தால் துளை சுத்தமாக விழுகிறது. பிசிறையும் பிளாஸ்டிக் தூளையும் எடுத்துக் கழுவி உலர்த்தவேண்டும். அவசரத்துக்கு நல்லது, அன்றாடத்துக்கு வாங்கிவிடுங்கள்.

பொடி மருந்துக் கேப்சூலை ரோட்டாஹேலரில் போட்டு இழுப்பவர்களுக்கு விதி நேர் எதிர். அங்கே மெதுவாக இழுத்தால் பொடி கிளம்பாது; வேகமாக, ஆழமாக இழுக்கவேண்டும். கருவிக்குள் ஊதக்கூடாது, பொடி ஈரமாகிவிடும். அந்த வேகம் வர ஐந்தாறு வயதாவது ஆகவேண்டும். இரைப்பு கடுமையாக இருக்கும்போது பெரிய பிள்ளைகளாலும் முடியாமல் போகலாம். இன்னொன்று: ஊரிலிருந்து வந்த உறவுக்காரப் பையன் ஒருவன் கேப்சூலைத் தண்ணீர் குடித்து முழுங்கிக்கொண்டிருந்தான். கேப்சூல் என்றால் முழுங்கத்தானே என்று அவன் நினைத்ததில் தப்பு என்ன?

டப்பாவில் எண் காட்டும் கவுண்டர் இல்லாவிட்டால் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 200 டோஸ் டப்பா, காலை இரண்டு, இரவு இரண்டு என்றால் ஐம்பது நாள். திறந்த தேதியை டப்பாமேல் எழுதிவிட்டால் போதும். குலுக்கிப் பார்த்துச் சத்தம் வருகிறதே, அழுத்தினால் புகை வருகிறதே என்று தொடரக்கூடாது. மருந்து தீர்ந்தபின்னும் உந்தும் வாயு மட்டும் கொஞ்சநாள் வந்துகொண்டிருக்கும். தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் பழைய சோதனையையும் நம்பவேண்டாம். மே மாதத்தில் நிறுத்திய காருக்குள் டப்பாவை விட்டுவிடாதீர்கள். கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும்போது பெர்த்துக்கு அடியில் சங்கிலி போட்டுப் பூட்டிய பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள்.

ஹைதராபாத்தில் இருந்துகொண்டு மீன் மருந்தைப் பற்றி எழுதாமல் விட்டால் கேட்பீர்கள். ஜூன் மாதம் மிருகசீரிடக் கார்த்தி வந்தால் நாம்பள்ளி கண்காட்சி மைதானத்துக்கு நாடெங்கிலுமிருந்து கூட்டம் வருகிறது. விரால் குஞ்சின் வாயில் மருந்தை வைத்து விழுங்கச் செய்கிறார்கள், சைவர்களுக்கு வெல்லத்தில். நம்பிக்கையோடு போகிறவர்களோடு எனக்கு வழக்கில்லை, என் வீட்டுக்கே அதற்காகச் சொந்தக்காரர்கள் வந்து தங்கியிருக்கிறார்கள். அது ஆஸ்துமாவைக் குணப்படுத்துகிறது என்பதற்கு முறையான மருத்துவச் சோதனை எதுவும் இல்லை. போய்வந்த கையோடு இன்ஹேலரை நிறுத்துவதுதான் ஆபத்து. வந்தவர்களுக்கு நான் சொல்லும் ஒரே விஷயம் அது.

இரைப்பு கடுமையானால் எத்தனை டோஸ், எவ்வளவு இடைவெளியில் என்பதை டாக்டரிடம் முன்பே தாளில் எழுதி வாங்கி, ஒரு நகல் ஃபிரிட்ஜ் கதவிலும் ஒரு நகல் பள்ளி ஆசிரியரிடமும் இருக்கட்டும். ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை, விலாவும் கழுத்துக்குழியும் உள்ளே இழுக்கிறது, உதடு நீலம் பாய்கிறது, நீல இன்ஹேலர் போட்டும் அடங்கவில்லை அல்லது நான்கு மணி நேரத்துக்குள் மறுபடி தேவைப்படுகிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள், வண்டி வரும்வரை தாளில் உள்ளபடி ஸ்பேசரில் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

எங்கள் பையன் இப்போது அதே மருந்தில், அதே அளவில்தான் இருக்கிறான். சென்ற பனிக்காலத்தில் ஒருநாள்கூடப் பள்ளிக்கு மட்டம் போடவில்லை, அதில் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். நான் அவசரத்தில் குலுக்க மறந்தால், "தாத்தா, குலுக்கலை" என்கிறான்.

மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை சங்க நூலகத்தில் இருப்பேன். குழந்தையோடு, அதன் இன்ஹேலரையும் ஸ்பேசரையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். மருந்தை மாற்றச் சொல்லமாட்டேன், அது உங்கள் டாக்டரின் வேலை. குழந்தை எப்படி இழுக்கிறது என்று மட்டும் சேர்ந்து பார்ப்போம். பரண்மேல் இருக்கும் ஸ்பேசரைக் கழுவி உலர்த்தி எடுத்து வரவும்.